நிறுத்து ஏற்றிய பொதிக்குத் தம்பி எப்படிப் பொறுப்பாவார்?

சட்ட ஆலோசனை: வாசகர் கடிதமும் பதிலும்
(எழுதியவரை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

கடிதம் சொல்வது

திருகோணமலை நகரை அண்டிய ஊரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 36. வீட்டில் அவரும் அம்மாவும், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும். தையல் வேலையில் கிடைப்பது கைச்செலவுக்குத்தான் போதும். வீட்டைத் தாங்கியது தம்பி அனுப்பிய காசு. தம்பி ஆபிரிக்க நாடொன்றில் சுரங்கக் கம்பனியில் மெக்கானிக். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, மருமகளின் சாமத்திய வீட்டுக்கு வந்து சேரும்படியாக நாள் பார்த்துப் புறப்பட்டிருக்கிறார். சுரங்க ஊரிலிருந்து தலைநகருக்கு 19 இருக்கைகள் கொண்ட சின்ன விமானம், அங்கிருந்து பெரிய விமானத்தில் கட்டுநாயக்க. சின்ன விமானம் எழும்பிய கையோடு மூக்கை உயர்த்தி, ஒரு பக்கம் சரிந்து, ஓடுபாதைக்கு அப்பால் விழுந்தது. தப்பியவர்கள் சிலர்தான். அவர்களில் தம்பி இல்லை.

எட்டு மாதமாகிறது. அந்த நாட்டின் முதற்கட்ட விசாரணை அறிக்கை, விமானம் அனுமதிக்கப்பட்ட எடையைவிட ஏறத்தாழ 600 கிலோ கூடுதலாக ஏற்றியிருந்தது என்கிறது. விமான நிறுவனத்தின் மின்னஞ்சலில், "பயணிகள் சிலர் அளவுக்கு மேற்பட்ட பொதிகளைக் கொண்டுவந்திருந்தனர்" என்று ஒரு வரி. அந்த வரியை வாசித்ததிலிருந்து சகோதரிக்கு நித்திரை இல்லை. சுரங்க முகாமில் பழுதாகிக் கிடந்த தையல் மெஷின் ஒன்றைத் தம்பி திருத்தி வைத்திருந்தார். "வரும்போது கொண்டுவாடா" என்று கேட்டது இவர். "நான் கேட்டிருக்காட்டி அவன் இருந்திருப்பான்" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்.

கேட்டிருப்பவை இவை. எங்கள் பொதியும் காரணமென்றால் நட்டஈடு கேட்க எங்களுக்கு முகம் இருக்கிறதா? நிறுவனம் 25,000 டொலர் தருவதாகச் சொல்லி, 30 நாளுக்குள் ஒப்பமிடும்படி அனுப்பிய படிவத்தில் அம்மா கையெழுத்துப் போடலாமா? கொழும்பு முகவர் ஒருவர் அற்றோணித் தத்துவம் (எங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம்) எழுதித் தந்தால் கோடிக்கணக்கில் எடுத்துத் தருவதாகவும், அதில் 40 வீதம் தனக்கு என்றும் சொல்கிறார், நம்பலாமா? இறுதி அறிக்கை வரும்வரை பொறு என்கிறார் மாமா, அது சரியா? கடைசியாக, புறப்படுவதற்கு முதல்நாள் தம்பி அனுப்பிய குரல்பதிவு போனில் இருக்கிறது. "கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. அழித்துவிடவா?"

முதலில் அந்த மெஷின்

அன்புள்ள தங்கச்சி,

சட்டம் பிறகு. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய, தம்பியின் பொதி ரசீதின் படத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் நிறக் காபன் தாள், நாலாக மடித்த தடம். மேலே தம்பியின் பெயர். நடுவில் நீலப் பேனாவால் 12 கிலோ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. அதன் கீழே வாங்கிய காசு, ஒரு சுருக்கொப்பம், பாதி மட்டும் விழுந்த நிறுவன முத்திரை. தாளைப் பிடித்திருக்கும் பெருவிரலும் படத்தில் விழுந்திருக்கிறது. நக இடுக்கில் கறுப்பு எண்ணெய். அந்த விரலைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கும் வேலை ஓடவில்லை.

இந்தப் படத்தை "என் பாவத்துக்குச் சாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவணங்களைப் புரட்டியே பழகிய கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. இது உங்கள் தம்பிக்கான சாட்சி. புறப்படுவதற்கு முதல்நாளே பொதியை நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர்களுடைய தராசில் வைத்திருக்கிறார். கூடுதல் எடைக்குக் கேட்ட காசைக் கட்டியிருக்கிறார். ஆக, அந்த 12 கிலோ ஒருநாள் முன்னதாகவே நிறுவனத்துக்குத் தெரிந்த கணக்கு. "இந்தப் பயணத்தில் இடமில்லை, அடுத்ததில் அனுப்புகிறோம்" என்று சொல்ல அவர்களுக்கு ஓர் இரவு முழுக்க இருந்தது. சொல்லவில்லை. காசை வாங்கிக்கொண்டார்கள்.

எடைக் கணக்கு யாருடைய வேலை என்று தெரிந்தால் உங்கள் மனம் கொஞ்சமாவது ஆறும் என்று நம்பி எழுதுகிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணும் எல்லா நாளும் செல்லாது. ஓடுபாதை குட்டையாக இருந்தால், இடம் உயரமாக இருந்தால், வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, சிறகுக்கு அது தரும் தாங்கலும் குறைவு. இதையெல்லாம் சேர்த்து, பயணிகள், பொதி, எரிபொருள் என்று கூட்டி ஒரு சுமைத்தாள் எழுதுவார்கள். அது சரியென்று ஏற்றுக்கொண்டு விமானத்தை எடுப்பது தலைமை விமானியின் பொறுப்பு. சின்ன விமானங்களில் பயணிகளையே தராசில் ஏறச் சொல்வதும் உண்டு. 14ஆம் இருக்கையில் இருப்பவருக்கு அடுத்தவருடைய பை எத்தனை கிலோ, எவ்வளவு எரிபொருள் நிரப்பினார்கள், பின்னறையில் என்ன கிடக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

பின்னறை என்றதும் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கக் கம்பனியின் உதிரிப்பாகப் பெட்டிகளைக் கடைசி நேரத்தில் விமானத்தின் வால்பக்கம் ஏற்றினார்கள் என்று தப்பிய ஒருவர் தம்பியின் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். இதை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். மொத்த எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உங்களுக்கு வள்ளம் தெரியும். பின்பக்கம் பாரம் கூடினால் அணியம் மேலே தூக்கும். விமானமும் அப்படித்தான் மூக்கைத் தூக்கும், வேகம் செத்துப்போகும், சிறகு தாங்காது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வள்ளத்தில் பாரம் கூடினால் தண்ணீர் விளிம்புக்கு வருவது கரையில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தரையில் நிற்கிற விமானம் அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. சில்லுகள் எல்லாப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் கணக்கை எழுத்தில் போடும் கடமை இருக்கிறது. 600 கிலோவில் உங்கள் மெஷின் 12. அதைக்கூட நான் பெரிய வாதமாக வைக்கவில்லை. அது 60 கிலோவாக இருந்திருந்தாலும், நிறுத்துப் பார்த்து ஏற்றியவர் நிறுவனம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாமல் கிடந்த இடத்தில், ஆட்களை ஏற்றிப்போன படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் போனார்கள். அன்றைக்கு நீங்களும் அழுதிருப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் ஏறியதால்தான் பாரம் கூடியது என்று உங்கள் வாய் சொல்லியிருக்குமா? எத்தனை பேரை ஏற்றலாம் என்று பார்க்க வேண்டியவர் யார், அனுமதி கொடுத்தது யார் என்றுதானே கேட்டோம். அதே கேள்வியைத் தம்பிக்காகவும் கேளுங்கள்.

மற்ற இடங்களில் விசாரணை சொன்னது

2003 டிசம்பர் 25. மேற்கு ஆபிரிக்காவில் பெனின் நாட்டின் கொட்டோனூ விமான நிலையத்திலிருந்து பெய்ரூட்டை நோக்கி ஒரு போயிங் 727 எழும்ப முயன்றது. விடுமுறைக்கு வீடு போகிற லெபனான்காரர்கள் நிறையப் பேர், கை நிறையச் சாமான். ஓடுபாதையின் முடிவுவரை ஓடியும் உயர முடியாமல், அப்பாலிருந்த சிறிய கட்டடத்தில் மோதிக் கடற்கரையில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரான்சின் விசாரணை அமைப்பு எழுதிய அறிக்கையில் விமானம் பல தொன் கூடுதலாக இருந்தது என்றும், பாரம் எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று விமானிகளுக்கே தெரியாது என்றும் இருக்கிறது. அடிக் காரணமாக அது காட்டியது இரண்டை. விமானத்தை நடத்திய நிறுவனத்தின் திறமையின்மையும் ஒழுங்கின்மையும் ஒன்று. அதைக் கண்காணிக்க வேண்டிய சிவில் விமான அதிகாரிகளின் போதாமை மற்றது. பை கொண்டுவந்தவர்களின் தலையில் அது பழியைப் போடவில்லை.

2001 ஓகஸ்டில் பஹாமாஸில் பாடகி ஆலியாவும் கூட வந்தவர்களுமாக ஒன்பது பேர் இறந்த விபத்தும் இப்படித்தான். சாமான் அதிகம், ஆட்கள் அதிகம் என்பதையே உலகம் பேசியது. விசாரணையிலோ, அந்த விமானத்தை அந்த நிறுவனத்துக்காக ஓட்ட விமானிக்கு அங்கீகாரமே இருக்கவில்லை என்பதும், அவருடைய உடலில் மதுவும் போதைப்பொருளும் இருந்ததும் வெளிவந்தன. "பயணிகள் அளவுக்கு மேல் கொண்டுவந்தார்கள்" என்ற வரி எப்போதும் பாதிக் கதைதான். மீதிப் பாதியை எழுத வேண்டியவர்களே அதை எழுதாமல் விடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் ஓரத்தில் "காசைவிட ஒருத்தராவது மன்னிப்புக் கேட்டால் போதும்" என்று எழுதிவிட்டு வெட்டியிருக்கிறீர்கள். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் 19 இருக்கை விமானம் ஒன்று எழும்பிய கையோடு விழுந்து, இரண்டு விமானிகளோடு அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். வால்பக்கம் பாரம் அதிகம், அதோடு மூக்கை ஏற்றி இறக்க வாலிலுள்ள உயர்த்தியைக் கட்டுப்படுத்தும் கம்பிவடத்தைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அந்த விமானத்தின் எடையை, ஆளுக்கும் பைக்கும் இவ்வளவு என்ற சராசரிக் கணக்கில்தான் போட்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்தச் சராசரியையே அமெரிக்கா உயர்த்த வேண்டி வந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் காசோடு நிற்கவில்லை. 2005இல் நிறுவனத்தின் தலைவர் நினைவிடத்தில், குடும்பங்களின் முன்னால் நின்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நீங்கள் வெட்டிய வரியைத் திரும்ப எழுதுங்கள். கோரிக்கைக் கடிதத்தில் அதற்கும் இடமுண்டு. நீதிமன்றம் கட்டளையிட்டு மன்னிப்பைப் பெற முடியாது. பேச்சுவார்த்தையில் கேட்கலாம், கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன.

உங்கள் உரிமை டிக்கெட்டில் இருக்கிறது

இனிச் சட்டம். உள்ளூர் விமானம் என்பதால் அந்த நாட்டுச் சட்டம் மட்டுமே பொருந்தும் என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. அதை அப்படியே ஏற்க வேண்டாம். சர்வதேச விமானப் பயணத்தில் ஏற்படும் மரணத்துக்கான பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் வரையறுக்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்து, 2018இல் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. நீங்கள் குறிப்பிட்ட நாடும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சமவாயத்தின்படி, இரண்டு மூன்று விமானங்கள் மாறினாலும் முழுப் பயணமும் ஒரே ஏற்பாடாகக் கருதப்பட்டிருந்தால் அது ஒரே சர்வதேசப் பயணம். அதன் ஒரு துண்டு ஒரு நாட்டுக்குள்ளேயே முடிந்தாலும் அது மாறாது.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த ஒரு கேள்வி: சுரங்க ஊர் முதல் கட்டுநாயக்க வரை கம்பனி ஒரே பதிவில் டிக்கெட் போட்டதா, சின்ன விமானத்துக்குத் தனியாகப் போட்டதா? தம்பியின் மின்னஞ்சலில் அல்லது வட்ஸ்அப்பில் பயண விபரத் தாள் இருக்கும். தேடுங்கள். இல்லாவிட்டால் கம்பனியின் பயணப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். வழக்கை எங்கே போடலாம் என்பதும் அதே தாளில் இருக்கிறது. பயணத்தின் சேருமிடம் இலங்கையாக இருந்தால் இலங்கை நீதிமன்றத்திலும் போடலாம். ஒப்பந்தம் முடிந்து ஒருவழியாக வந்திருந்தாலோ, கொழும்பிலிருந்து தொடங்கிய போய்வரும் டிக்கெட்டின் மீதிப் பாதியாக இருந்தாலோ சேருமிடம் இலங்கைதான். ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, அங்கிருந்து வந்து திரும்பிப் போகிறமாதிரிக் கம்பனி டிக்கெட் எடுத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் சேருமிடம் புறப்பட்ட இடமாகவே ஆகிவிடும். அப்போது வழக்கு அந்த நாட்டுக்குப் போக நேரிடலாம்.

அமெரிக்காவில் வழக்குப் போட்டால் பெருந்தொகை வரும் என்று ஒன்றுவிட்ட அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் பயணத்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நினைப்பை விட்டுவிடலாம்.

தொகை பற்றிய இரண்டு தவறான நம்பிக்கைகள்

ஒன்று, நிறுவனத்தின் தப்பைத் தனித்தனியாக நிரூபித்தால்தான் காசு என்பது. சமவாயத்தில் இரண்டு படி இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 151,880 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் வரை தன்மேல் தவறில்லை என்று சொல்லி நிறுவனம் கைகழுவ முடியாது. இந்த அலகு சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு. டொலரில் இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட வரும். அதற்கு மேல் உங்கள் இழப்பு இருந்தால் அதையும் கேட்கலாம். அந்த மேல்படியில் மட்டும், தன் ஊழியரின் கவனயீனம் காரணமில்லை என்று காட்ட நிறுவனத்துக்கு இடமுண்டு. காட்ட வேண்டியது அவர்கள். சுமைத்தாளைத் தானே எழுதிய நிறுவனத்துக்கு அது இலேசில்லை. விமானியும் இறந்துவிட்டார், யாரிடம் கேட்பது என்று அம்மா கேட்டாராம். ஊழியரின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பு. விமானி இறந்ததால் அந்தப் பொறுப்பு இறந்துபோகாது.

மற்றது, ஆளுக்கு இவ்வளவு என்று அந்த முழுத்தொகையும் தானாக வரும் என்பது. முகவர் உங்களை மயக்குவது இதை வைத்துத்தான். அது பொறுப்பின் எல்லை, பரிசுத்தொகை இல்லை. எவ்வளவு இழந்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். தம்பி மாதம் எவ்வளவு அனுப்பினார், இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பார், அம்மாவின் மருந்துக்கும் மகளின் படிப்புக்கும் எவ்வளவு போனது, எல்லாம் கணக்கில் வரும். முன்பு எங்கள் நாட்டில் ஒருவரின் மரணத்துக்குப் பண இழப்பை மட்டுமே கேட்க முடியும் என்ற நிலை இருந்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அன்பையும் அரவணைப்பையும் துணையையும் இழந்ததற்கும் கேட்கலாம். அம்மாவின் பெயர் முன்னால் இருக்கட்டும். உங்கள் பெயரைச் சேர்ப்பதையும் சட்டத்தரணியோடு பேசுங்கள்.

பொதியைக் காட்டித் தொகையைக் குறைக்க நிறுவனம் முயலும், அதற்குத் தயாராக இருங்கள். இறந்தவரின் கவனயீனமும் சேதத்துக்குக் காரணமென்று நிரூபித்தால் அந்த அளவுக்குப் பொறுப்பைக் குறைக்கச் சமவாயம் இடம் தருகிறது. மின்னஞ்சலில் அந்த ஒற்றை வரி சும்மா வந்து உட்காரவில்லை. தம்பி எடையை மறைத்துக் கொண்டுபோயிருந்தால் அவர்களுக்கு வாதாட ஓர் இடமாவது இருக்கும். நிறுத்து, காசு கட்டி, ரசீது வாங்கியவரிடம் என்ன கவனயீனம்? அதனால்தான் அந்த மஞ்சள் தாளின் படம் உங்கள் கையிலுள்ள மிகப் பெறுமதியான ஆவணம் என்கிறேன்.

படிவமும் முகவரும்

கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டாம் பக்கத்தின் நான்காம் பந்தி, இந்தத் தொகை "முழுமையானதும் இறுதியானதுமான" தீர்வு என்றும், அதன் பின் நிறுவனத்தின் மேலோ அதன் காப்புறுதியாளர்மேலோ எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் சொல்கிறது. 30 நாள் என்பது அவர்களாகப் போட்ட கெடு. அது கடந்தால் உங்கள் உரிமை போய்விடாது. அடக்கச் செலவுக்கும் அன்றாடத்துக்கும் காசு முட்டு என்பது எனக்கு விளங்குகிறது. அதற்கு முற்பணமாகத் தரும்படி எழுதிக் கேட்கலாம். முற்பணம் வாங்குவது உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது, பிறகு வரும் தொகையில் கழித்துக்கொள்வார்கள். வாங்கும் தாளில் "முற்பணம்" என்று இருக்க வேண்டும், "இறுதி" என்ற சொல் எங்கும் இருக்கக்கூடாது.

முகவர் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். அவர் சட்டத்தரணி இல்லை. அவர் கேட்கும் தத்துவத்தின் வரைவை வாசித்தேன். உங்களைக் கேட்காமல் சமரசம் செய்யவும், காசைத் தன் கணக்கில் பெறவும் அதில் அதிகாரம் இருக்கிறது. அதாவது, நிறுவனம் தரும் அதே 25,000ஐ நாளைக்கே வாங்கி, 10,000ஐ எடுத்துக்கொண்டு உங்கள் கோப்பை மூடிவிட அவரால் முடியும். விமான விபத்துக் கோரிக்கைகளில் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவர் கொழும்பில் வேண்டும், அவர் மூலம் அந்த நாட்டிலும் ஒருவர் தேவைப்படலாம். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதற்படிக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது, இந்தக் கடிதத்தையும் ஆவணங்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரும்பாலான கோரிக்கைகள் காப்புறுதியாளரோடு பேசியே முடிகின்றன. நல்ல ஆவணத்தோடு போனால்தான் பேச்சு மரியாதையாக நடக்கும்.

மாமா சொல்வது ஏன் ஆபத்து

மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வழக்குப் போடும் காலம் இரண்டு வருடம். விமானம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அது தாண்டினால் உரிமையே அற்றுப்போகும், காரணம் சொல்லி நீட்டிக்கலாம் என்று எண்ண வேண்டாம். எட்டு மாதம் போய்விட்டது.

இறுதி அறிக்கையை இயன்றால் 12 மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமான அமைப்பின் 13ஆம் இணைப்பிலுள்ள விதி. நடைமுறையில் வருடக்கணக்கில் இழுபட்ட அறிக்கைகள் உண்டு. வந்தாலும் அது யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாது. அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே அந்த விசாரணையின் நோக்கம், பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் வேலை இல்லை என்று அந்த விதியே சொல்கிறது. அறிக்கை வந்தால் உதவும். அதற்காக வாசலில் காத்திருக்கக் கூடாது.

இறந்தவர் இலங்கைப் பிரஜை என்பதால், விசாரணைக்கு ஒரு நிபுணரை நியமிக்கவும், விபத்து நடந்த இடத்தைப் பார்வையிடவும், இறுதி அறிக்கையின் பிரதியைப் பெறவும் இலங்கைக்கு அதே இணைப்பில் இடமிருக்கிறது. இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் அம்மாவின் பெயரில் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். வால்பக்கம் ஏற்றிய பெட்டிகளைப் பற்றியும் அதில் எழுதுங்கள்.

இந்தக் கிழமையே எடுத்து வைக்க வேண்டியவை

டிக்கெட், வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளத் தாள்கள்.

அம்மாவின் வங்கிப் புத்தகம். தம்பியிடமிருந்து காசு வந்த ஒவ்வொரு பதிவும் வேண்டும். உண்டியலில் அனுப்பிய மாதங்கள் இருந்தால் அந்த வட்ஸ்அப் செய்திகளையும் திகதியோடு சேர்த்து வையுங்கள்.

உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள், அந்த நாட்டு மரணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு. இறப்பைத் தூதரகத்தில் பதிந்தார்களா என்று கேளுங்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் தம்பி பதிந்து போனவர் என்றால் அதன் காப்புறுதி தனி. வேலைகொடுத்த கம்பனியின் காப்புறுதியும் தனி. ஒன்றைக் கேட்பதால் மற்றது போகாது.

தப்பியவரின் பெயரும் தொடர்பும் தம்பியின் நண்பரிடம் இருக்கும். அவர் பார்த்ததை இப்போதே எழுத்தில் வாங்கப் பாருங்கள். வேறு சுரங்கத்துக்கு மாறிவிட்டால் பிடிக்க முடியாது.

குரல்பதிவு

அழிக்க வேண்டாம். "மெஷின் சரியா பன்னிரண்டு கிலோ அக்கா, கூடின காசும் கட்டிட்டன், பத்திரமா வந்து சேரும்" என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீதில் உள்ளதையே, அதே நாளில், அவர் வாயால் சொல்கிறார். திகதியும் நேரமும் போனிலேயே பதிந்திருக்கும். போனை மாற்றவோ பழுதுபார்க்கக் கொடுக்கவோ முன்பு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அந்த உரையாடல் முழுவதையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். படத்தையும் அச்சிடுங்கள்.

எட்டு மாதமாக நித்திரை இல்லை, மெஷின் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது, தைக்க எடுத்த துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குச் சட்டத்தில் மருந்தில்லை. பொது வைத்தியசாலையில் மனநல வைத்தியரைப் பாருங்கள். போக மனம் வராவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். மகளையும் அம்மாவையும் பார்க்க வேண்டிய ஆள் நீங்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, உங்களுக்காகவும் சொல்கிறேன்.

அந்தப் பதிவை நீங்கள் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வழக்குக்கு அதை யாராவது கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதி, உறுதிப்படுத்த வேண்டும். அதை உங்கள் சட்டத்தரணியின் அலுவலகம் செய்யும். நீங்கள் போனைக் கொடுத்துவிட்டு வெளியே இருங்கள். எழுதி முடித்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம்.